ஹாலில் இரண்டு சப்வூஃபர்: வாங்குவதற்கு முன் தொடங்கி ட்யூனிங் வரை முழுமையான வழிகாட்டி

கீழக்கரையில் ஒரு வீடு. 20-க்கு 12 அடி ஹால், 10 அடி உயரம். டிவி பக்கத்து மூலையில் சப்வூஃபர், அதாவது கீழ் ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. நடு சோபாவில் உட்கார்ந்தால் அடி (பேஸ் எனும் கீழ் ஒலி) கேட்கவில்லை என்று வீட்டுக்காரக் காக்கா (அண்ணன்) அதே மாடலில் இன்னொன்று வாங்கி, பழையதன் தோளை ஒட்டி வைத்துவிட்டார். பின்சுவர் மூலையில் உட்காரும் அவருடைய உம்மா (தாய்) "நெஞ்சு அடைக்குது, நிறுத்துமா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். நடு சோபாவில் அப்போதும் அடி இல்லை.

"தம்பி, ரெண்டாவது டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். இரண்டுமே நல்ல பெட்டிகள்தான். தப்பு வைத்த இடத்தில் இருந்தது. இந்தப் பக்கம் நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதை. இரண்டாவது சப்பை வாங்குவது சத்தத்துக்காக அல்ல. நடு சோபாவும் மூலை நாற்காலியும் ஒரே அடியைக் கேட்க வேண்டும், அதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், மாஸ்கிங் டேப், லேப்டாப், அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் (யூமிக்-1 போதும்), அதற்கு ஒரு ஸ்டாண்ட், அறையின் நீளத்தைவிடப் பெரிய ஆர்சிஏ கேபிள் ஒன்று. மென்பொருளுக்கு ரூம் ஈக்யூ விசார்ட். இலவசம்.

போன் ஆப்பில் அளந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. கீழ் ஒலிகளைப் பல போன்கள் தாமாகவே வெட்டிவிடும். இருக்கிற அடியை இல்லை என்று காட்டும்; நீங்கள் அதை நம்பி ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ரிசீவரில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இரண்டு சப் துளைகள் இருப்பதால் மட்டும் அது இரண்டு சப் ரிசீவர் ஆகிவிடாது. மெனுவில் சப் 1, சப் 2 என்று தூரமும் லெவலும் தனித்தனியாக வைக்க முடிந்தால்தான் உண்மையான இரண்டு வெளியீடு. இல்லையென்றால் உள்ளே ஒரே கம்பியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் ஒவ்வொரு சப்பின் தாமதத்தையும் லெவலையும் தனியே மாற்றித் தரும் மினிடிஎஸ்பி மாதிரி ஒரு டிஎஸ்பி பெட்டி நடுவில் தேவைப்படலாம். சமச்சீராக வைக்க இடம் இருந்தால் அதுவும் வேண்டாம். ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளே போதும்.

2. நோயை முதலில் கண்டுபிடியுங்கள்

வள்ளத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒரு முனையில் ஒருவர் ஏறி அழுத்துகிறார். தண்ணீர் முன்னும் பின்னும் ஓடும். இரண்டு முனையிலும் ஏறி இறங்கும். நடுவில் மட்டும் மட்டம் அசையாது. அறைக்குள் பேஸ் செய்வதும் இதுதான். சுவரோரம் பொங்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. காக்காவின் சோபா நடுவில். உம்மாவின் நாற்காலி முனையில்.

இப்போது இரண்டு முனையிலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் அழுத்தட்டும். வள்ளம் ஆடாது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சப் வைப்பதன் முழு ரகசியமும் இவ்வளவுதான். இரண்டையும் ஒரே முனையில் ஏற்றினால் ஆட்டம்தான் கூடும். காக்கா செய்தது அது. எல்லா இடத்திலும் 6 டெசிபெல் ஏறும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், பொங்குகிற இடம் இன்னும் பொங்கும்.

உங்கள் அறை எந்த ஒலியில் ஆடும் என்பதற்கு ஒரு குறுக்குக் கணக்கு. நம் ஊர் வெக்கையில், 30 டிகிரி அளவில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1145 அடி ஓடுகிறது. அதில் பாதி 572. இந்த 572-ஐ அறையின் அடி அளவால் வகுங்கள். 20 அடி நீளத்துக்கு 28.6 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47.7, 10 அடி உயரத்துக்கு 57. இவற்றின் இரு மடங்கு, மூன்று மடங்கிலும் ஆட்டம் உண்டு. 20 அடி நீளத்தின் இரு மடங்கும் அதே 57. நீளமும் உயரமும் ஒரே இடத்தில் விழுவதால் இந்த அளவுள்ள ஹால்களில் 57 பக்கம் "டொம்" என்று ஒரு வீக்கம் இருக்கும். பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். அதை எட்டாவது படியில் வெட்டிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டபின் அளந்து பாருங்கள். ஒரே சப்பை இப்போது இருக்கும் இடத்தில் ஓடவிட்டு, மைக்கை ஒவ்வொரு இருக்கையிலும் காது உயரத்தில் வைத்து 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (கீழிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி) எடுங்கள். ஒவ்வொன்றையும் இருக்கையின் பெயரிலேயே சேமியுங்கள்: "நடு", "ஜன்னல்", "உம்மா". கடைசியில் ஒப்பிட இது இல்லாமல் முடியாது.

சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு அளங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் அளந்தால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவது காற்றின் சத்தம், சப்பின் சத்தம் அல்ல. காற்று தணிந்த ராத்திரியில் எடுங்கள். படம் பார்க்கும்போது எந்தக் கதவு சாத்தியிருக்குமோ அது அளக்கும்போதும் சாத்தியிருக்க வேண்டும். கதவு திறந்தால் பேஸ் வெளியே ஓடிவிடும், அளவே மாறிவிடும்.

3. கரண்டைச் சரிபாருங்கள்

சப்பை நகர்த்துவதற்கு முன்பே இதைச் சொல்கிறேன். சப் எங்கே போகும் என்பதைப் பல வீடுகளில் பிளக் பாயின்ட்தான் முடிவு செய்கிறது. அது தப்பு. இடத்தை முடிவு செய்துவிட்டு பாயின்ட்டை அங்கே இழுங்கள்.

மூன்று ஃபேஸ் வீடாக இருந்தால் ரிசீவர், டிவி, இரண்டு சப் எல்லாமே ஒரே ஃபேஸில், முடிந்தால் ஒரே போர்டிலிருந்து வரட்டும். இரைச்சல் வந்தால் தேட ஒரே இடம்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியின் பின்தகட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள். துபாய்ப் பெட்டி 230 வோல்ட், பிரச்சினை இல்லை. சவூதியில் வாங்கிய பழைய பெட்டிகளில் 110, 127 வோல்ட் ஓடுபவை உண்டு. நேரே சொருகினால் ஒரே வினாடியில் புகை.

எர்த். கடற்கரை மணலில் புதைத்த ஜிஐ பைப்பை உப்பு தின்றுவிடும். பத்து வருஷ வீட்டில் எர்த் கம்பி போர்டில் இருக்கும், குழியில் பைப் இருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

"உம்ம்" என்ற இரைச்சல் வந்தால் முதலில் சப்பின் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் சப்பில் குறை இல்லை, இரைச்சல் வேறெங்கிருந்தோ கேபிள் வழியாக வருகிறது. அடுத்து மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் திருடன் அதுதான். எர்த் முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லித்தரும் ஆட்கள் உண்டு. நிற்கும். ஈரக்கையோடு ஒரு நாள் தொட்டவர் உயிரும் நிற்கும். வெட்டாதீர்கள்.

4. எதை வாங்குவது

ஒரே மாடலில் இரண்டு. கையில் இருப்பதோடு வேறொன்றைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஆனால் வேலை இரண்டு மடங்கு. மூடிய பெட்டியையும் துளையுள்ள பெட்டியையும் கலப்பது அதைவிடச் சிக்கல். துளையுள்ள பெட்டி, அதன் ட்யூனிங் ஒலிக்கு (துளை அதிகமாக ஒலிக்கும் கீழ் ஒலிக்கு) பக்கத்தில் போகும்போது, மூடிய பெட்டியோடு ஒரே திசையில் தள்ளாது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ் பேஸ் இரண்டு பெட்டிக்கு நடுவில் காணாமல் போகும்.

ஒரு பெரிய 15 அங்குலமா, இரண்டு 10 அங்குலமா? தனியாக உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் பெரியது ஒன்று போதும். ஒரே இருக்கைக்கு ஈக்யூ (எந்த ஒலி எவ்வளவு வர வேண்டும் என்று ஏற்றி இறக்குவது) செய்துகொள்ளலாம். வீடே உட்கார்ந்து பார்ப்பதென்றால் சிறியவை இரண்டு.

கடலோரத்தில் மூடிய பெட்டிக்கே என் ஓட்டு. காரணம் பல்லி. உச்சிப்புளி பக்கம் ஒரு வீட்டில் சப் திடீரென்று செத்துவிட்டது. பின்தகட்டைக் கழற்றினால் பவர் போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு பல்லி, கருகி, வால் மட்டும் முழுசாக. துளை வழியாகத்தான் போயிருக்கிறது. துளையுள்ள பெட்டி ஏற்கெனவே இருந்தால், ஓடாத நேரத்தில் துளையில் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். போடுமுன் எடுக்க மறக்காதீர்கள்.

5. இடம் பிடிப்பது

இதுதான் முழு வேலையில் முக்கால்வாசி.

ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-ல் பல சப்களை வெவ்வேறு இடங்களில் வைத்து ஒப்பிட்டுச் சொன்ன முடிவு எளிமையானது. நான்கு சப் என்றால் நான்கு சுவர்களின் நடுப்புள்ளி. இரண்டே என்றால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளி. நான்குக்கு மேல் வாங்கி அடுக்குவதால் பெரிய லாபம் இல்லை. அவர் பார்த்தது செவ்வகமான, மூடிய அறை. நம் வீடு அப்படி இருக்காது; ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

நம் வீடுகளில் வரும் இடைஞ்சல் வேறு. தலைவாசலும் கொல்லைவாசலும் நேருக்கு நேராக இருக்க வேண்டும் என்று கட்டியிருப்பார்கள். முன்சுவர் நடுவிலும் வாசல், பின்சுவர் நடுவிலும் வாசல். நடுப்புள்ளியில் சப் வைத்தால் ஆள் நடக்க முடியாது. அப்போது இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் இடது வலது நீளச் சுவர்களின் நடு. அகலத்தின் 47.7 ஆட்டம் இதில் அடங்கிவிடும். நீளத்தின் 28.6 ஆட்டத்துக்கு அந்த இடம் அசையாத புள்ளி என்பதால் சப் அதைக் கிளப்பவே செய்யாது. ஒரே கல்லில் இரண்டு.

அதுவும் முடியாவிட்டால் டிவி சுவரிலேயே இரண்டையும், சுவரைக் கால் பங்கு, முக்கால் பங்காகப் பிரித்து வையுங்கள். 12 அடிச் சுவரில் 3-வது அடியிலும் 9-வது அடியிலும். அகலத்தின் முதல் இரண்டு ஆட்டங்களும் அடங்கும். நீளவாக்கில் இது உதவாது. ஒரே வரிசை சோபா உள்ள வீட்டுக்கு இது போதும்.

கடைசியாக எதிரெதிர் மூலைகள். சத்தம் நிறையக் கிடைக்கும், சீர் கொஞ்சம் குறையும்.

ஒவ்வொரு இடத்தையும் மாஸ்கிங் டேப்பால் தரையில் குறித்து, சப்பை வைத்து, எல்லா இருக்கைகளிலும் அளந்து, அடுத்த இடம் போங்கள். பார்க்க வேண்டியது மென்பொருள் வரையும் கோடு மட்டமாக இருக்கிறதா என்பதை அல்ல. எல்லா இருக்கைகளின் கோடுகளும் ஒன்றை ஒன்று ஒட்டிப் போகின்றனவா என்பதை. புதியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். நடு இருக்கையின் கோடு அழகாக இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்க மாட்டார்கள். எல்லாக் கோடும் ஒரே இடத்தில் வீங்கினால் ஒரே வெட்டில் சரி செய்யலாம். ஒன்று வீங்கி ஒன்று குழிந்தால் எந்த ஈக்யூவாலும் முடியாது.

காக்கா வீட்டில் பின்சுவர் நடுவில் வாசல். நீளச் சுவர்களின் நடுவுக்குப் போனோம். ஒன்று தெற்கு ஜன்னலுக்கு நேர் கீழே. கடல் அந்தப் பக்கம். திறந்த ஜன்னலின் கீழ் சப் வைத்தால் உப்புக்காற்று நேரே அதன் மேல் இறங்கும். கீழ்ப்பலகையை நிரந்தரமாகச் சாத்திவிட்டோம்.

சப்பைத் தரையில் அப்படியே வைக்காதீர்கள். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அடியில் ஈரத்தைக் குடித்து அப்பளம் மாதிரி பொங்கிவிடும். இரண்டு அங்குல உயரத்துக்குக் கிரானைட் துண்டு, அதன் மேல் ரப்பர்.

6. இணைத்து, லெவலைச் சமப்படுத்துவது

சப்பின் பின்னால் மேல் ஒலிகளை வெட்டும் லோ பாஸ் குமிழை முழுக்க ஏற்றிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ (கீழ் ஒலிகளுக்கான தனிச் சேனல்) நிலையில் வையுங்கள். ரிசீவர் ஏற்கெனவே ஒரு முறை வெட்டுகிறது. சப்பும் வெட்டினால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். சப்பின் ஃபேஸ் குமிழ் 0-வில். தானாக அணையும் வசதியை இப்போதைக்கு நிறுத்துங்கள், இல்லையென்றால் அளக்கும் நடுவில் ஒன்று தூங்கிவிடும். ரிசீவரின் மெனுவில் எல்லா ஸ்பீக்கரும் ஸ்மால், கிராஸ்ஓவர் (அதற்குக் கீழே உள்ளதைச் சப்பிடம் ஒப்படைக்கும் எல்லை) 80. "எல்எஃப்இ பிளஸ் மெயின்" என்று இருந்தால் வெறும் எல்எஃப்இ ஆக்குங்கள்.

லெவலை நடு இருக்கையில் மைக் வைத்துச் சமப்படுத்துவது பொதுவான தப்பு. அங்கே அறை ஒரு சப்பை விழுங்கியிருந்தால், அந்தச் சப்பை நீங்கள் ஏற்றுவீர்கள். படத்தில் பெரிய வெடி வரும்போது அது மட்டும் முதலில் கிழியும். இரண்டு சப்பும் ஒரே உழைப்பு உழைக்க வேண்டும். மைக்கைச் சப்பின் ஒலி வரும் கூம்பிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டு அளவைக் குறியுங்கள். மற்றதையும் அதே தூரத்தில் அளந்து குமிழைத் திருப்பிச் சமமாக்குங்கள். குமிழின் கோடுகளை நம்பாதீர்கள். ஒரே மாடலிலேயே மாறும்.

7. நேரத்தை ஒழுங்குபடுத்துவது

இரண்டு சப்பும் இருக்கைகளிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். இல்லையென்றால், முதல் சப்பை அப்படியே விட்டு, இரண்டாவதின் தூரத்தை ரிசீவரில் ஒரு அடி ஒரு அடியாக மாற்றி, இரண்டும் சேர்ந்து ஓடும்போது எல்லா இருக்கைகளிலும் அளந்து பாருங்கள். ஒரு அடி என்பது ஏறக்குறைய 0.87 மில்லி விநாடி.

ரிசீவர் தானாகக் கண்டுபிடித்த தூரம் டேப் அளவைவிட அதிகமாக இருக்கும். 11 அடியில் இருக்கும் சப்பை 16 என்று காட்டும். சப்பின் உள்ளே இருக்கும் மின்சுற்று எடுக்கும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. டேப் வைத்து அளந்து "திருத்தி"விடாதீர்கள். திருத்தியவர்கள் வீட்டுக்கு நான் இரண்டாம் முறை போயிருக்கிறேன்.

முன், பின் சுவர்களில் சப் வைத்து சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ரிசீவர் அந்தச் சோபாவுக்காகப் பின் சப்பைத் தாமதப்படுத்தும். வள்ளத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்துவது கலைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே தூரம் கொடுத்தும் ஒரு முறை அளந்து, கோடுகள் எதில் ஒட்டுகின்றனவோ அதை வையுங்கள்.

8. இரண்டையும் ஒன்றாக்கி ஈக்யூ செய்வது

இங்கே வரும்வரை ஈக்யூவைத் தொடக் கூடாது. ஒவ்வொரு சப்பையும் தனித்தனியாகச் சமன் செய்துவிட்டுப் பிறகு சேர்த்தால், சேர்ந்தபின் வரும் கோடு இரண்டோடும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்றாக இருக்கும். சேர்த்து ஓடவிட்டு, எல்லா இருக்கைகளின் சராசரியை எடுத்து, இரண்டுக்கும் ஒரே திருத்தம் கொடுங்கள்.

வீக்கத்தை வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பாதீர்கள். 6 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், 10 ஏற்றினால் பத்து மடங்கு. அப்படிக் கொடுத்தும் பள்ளம் அப்படியே இருக்கும், ஏனென்றால் சுவரிலிருந்து திரும்பி வந்து அடிக்கும் ஒலியும் அதே அளவு ஏறும்.

தனி டிஎஸ்பி வைத்திருந்தால் அதில் இதை முடித்தபின்தான் ரிசீவரின் ஆடிசி, டிராக் போன்ற தானியங்கித் திருத்தத்தை ஓட்ட வேண்டும். மைக்கைச் சோபாவின் தலைப்பகுதியில் சாய்த்து வைக்காதீர்கள். ஸ்டாண்டில், காது உயரத்தில். முடிந்தபின் சப் லெவல் மைனஸ் 12 என்று கடைசி எல்லையில் நின்றால் சப்பின் குமிழ் அதிகம். இரண்டையும் ஒரே அளவு குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

9. ஸ்பீக்கரோடு சேரும் இடம்

சென்டர் ஸ்பீக்கரையும் சப்களையும் சேர்த்து ஸ்வீப் எடுங்கள். 80 பக்கம் குழி இருந்தால் இரண்டு சப்பின் தூரத்தையும் ஒரே அளவாக, அடி அடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஏழாவது படி பாழ். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 14 அடி சொச்சம், அதனால் 7 அடிக்குள் விடை கிடைத்துவிடும்.

10. நடுக்கம், உப்பு, மழை

20-லிருந்து 100 வரை ஒரே ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடங்கள். பீரோ, ஜன்னல் கம்பி, ஏசி மூடி, சுவரில் மாட்டிய ஃபோட்டோ ஒவ்வொன்றும் தன் ஒலி வரும்போது கத்தும். பலரும் சப் உடைந்துவிட்டது என்று கூப்பிடுவது பீரோவின் கைப்பிடிக்காகத்தான். ஒரு ரப்பர் துண்டு போதும்.

ஆர்சிஏ பின்களில் பச்சை படியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிடுங்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து முறை திருகிச் சொருகுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஓடவிடுங்கள்; உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்கள் சிலிக்கா ஜெல் பைகளோடு துணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே வேர்க்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடி இறங்கும் மாதங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. இரண்டு சப்பின் பிளக்கையும் ரிசீவரின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிட்டுத் தூங்குங்கள். காக்கா வீட்டில் அந்த வேலையை இப்போது உம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.